வாலிநோக்கத்திலிருந்து வந்த ஸ்லோ கம்ப்யூட்டர்

நம் மாவட்டத்து சர்வீஸ் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம், என்னை அக்கா முறையில் 'லாத்தா' என்று கூப்பிடும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "லாத்தா, ஸ்லோவா இருக்குற சிஸ்டத்த வேகப்படுத்த நீங்க என்ன வரிசையில செய்வீக? புதுசா வந்தவுகளுக்கு எழுதிப் போடுங்களேன்." கண்ணில் புரை எடுத்த பிறகு சின்ன ஸ்க்ரூவெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இராமநாதபுரத்துக் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நேரத்துக்குக் குறைவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

வரிசை உங்களுக்குத் தெரிந்ததுதான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதுங்கள். ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டுங்கள். ஆன் செய்ததும் தானாகக் கிளம்பும் புரோகிராம்களை நிறுத்துங்கள். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, வைரஸ் இருக்கிறதா பாருங்கள். கடைசியாக, ராம் கூட்டலாமா, பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாமா என்று வாடிக்கையாளரைக் கேளுங்கள். கடற்கரைப் பக்கத்துப் பெட்டி என்றால் போர்டில் உப்புப் பூத்திருக்கும், அதையும் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு பக்கம்கூட வேண்டாம்.

ஆனால் இந்த வரிசையைத் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் நான் நிற்காமல் போன நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் சம்பந்தப்பட்டவர்களைத் தவிர இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது நான் சொந்தக் கடை வைக்கவில்லை. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். நான் ஹார்டுவேர் படித்துவிட்டு ராம்நாட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். முதலாளியின் பெயரை எழுதவில்லை; அவருக்கு அது பிடிக்காது. ரேடியோ மெக்கானிக்காக இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். பொம்பளைக்கு எதற்கு ஸ்க்ரூ டிரைவர் என்று ஊர் கேட்டபோது, "அவுக கை சின்னது, உள்ள நல்லாப் போகும்" என்று சொல்லி வேலைக்கு வைத்துக்கொண்டவர். ஸ்லோ என்று எந்தப் பெட்டி வந்தாலும் அவர் மூன்று கேள்வி கேட்பார். எப்போதிலிருந்து ஸ்லோ? எல்லா வேலையிலும் ஸ்லோவா, ஏதாவது ஒன்றைத் திறக்கும்போது மட்டுமா? போனால் திரும்பக் கிடைக்காதது இதற்குள் என்ன இருக்கிறது? பதிலை ஜாப் சிலிப்பில் எழுத வேண்டும். பெட்டி ஆன் ஆனதும் திரையில் என்னென்ன ஃபோல்டர் இருக்கிறது, எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இவ்வளவும் எழுதிய பிறகுதான் கைவைக்க விடுவார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தேன். வரவேற்பு மேஜையில் ஒரு பெயரை ஏற்ற ஐந்து நிமிடம் எடுக்கிறதாம். தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். மேனேஜர் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்கே தயாராக இருந்தார். திறந்து பார்த்தால் உள்ளே மூன்று ஆன்டிவைரஸ். ஒவ்வொரு முறை வந்த மெக்கானிக்கும் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவை ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தன. இரண்டைத் தூக்கினேன், ஒரு ராம் கூட்டினேன், அரைமணி நேரத்தில் பெட்டி பறந்தது. மேனேஜர் பக்கத்து லாட்ஜுகளுக்கெல்லாம் போன் போட்டு என்னைப் பற்றிச் சொன்னார். பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது, இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்பு வந்துவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இரண்டு நாள் கழித்து நடந்ததில் அந்த நினைப்புக்கும் பங்கு உண்டு.

வியாழக்கிழமை காலை பஞ்சவர்ணம் வந்தார். வாலிநோக்கம் பஸ்ஸில், மடியில் சிபியூவை வைத்து, அதைப் பழைய சேலையில் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் என்பது பாதத்தைப் பார்த்தாலே தெரியும். உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்பு.

"ஆன் பண்ணுனா திறக்கவே இருவது நிமிசம் ஆகுதுக்கா. படத்தத் தொறந்தா அப்படியே நிக்குது. புதங்கிழமைக்குள்ள பிரிண்ட் எடுக்கணும். எப்படியாச்சும் வேகமா ஓட வச்சுக் குடுங்க" என்றார்.

"சாயங்காலம் வாங்க, தாரேன்" என்றேன்.

கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் நாலு பெட்டி காத்திருந்தது. முதலாளி பரமக்குடிக்குப் போயிருந்தார். பஞ்சவர்ணம் நாலு மணி பஸ்ஸுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போனார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. ஃபேனின் இறக்கைகள் ஈரத்தூசியில் ஒட்டிக் கிடந்தன. பாதிக் காரணம் இதுதான் என்று நினைத்தேன். ஊதினேன், துடைத்தேன், ராமைத் தேய்த்தேன், பிராசஸருக்குப் புதுப் பேஸ்ட் வைத்தேன். ஆன் செய்தேன். சூடு குறைந்தது, ஆனால் வேகம் வரவில்லை. திரை வந்ததும் பழக்கதோஷத்தில் சிலிப்பை எடுத்து அதில் இருந்த ஃபோல்டர்களை எழுதினேன். 'மனு' என்று ஒன்று. 'அட்டை' என்று ஒன்று. அதற்குள் பெண்கள் பெயரில் தனித்தனி ஃபோல்டர்கள். மொத்தம் எவ்வளவு இடம் என்பதையும் எழுதினேன். கை அந்த வேலையைச் செய்தது. மனசு அடுத்த பெட்டியில் இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிஸ்க்கிலிருந்து, நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல, டிக் டிக் என்று இரண்டு தரம். பிறகு அமைதி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு தரம்.

கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்ல முடியாது. கேட்டேன். அது என்ன என்பதும் தெரியும். ஒரு டிஸ்க் ஓரிடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும்போதுதான் அப்படித் தட்டும். பஞ்சவர்ணத்தின் பெட்டி ஸ்லோவாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அவர் ஒரு படத்தைக் கேட்டால், டிஸ்க் அதை இருபது தரம் தேடி எப்படியோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு அள்ளிக்கொள்வது. வேகத்தைப் பற்றியெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் என்ன செய்தேன் என்றால், துடைத்து மாட்டிய ஃபேன் உரசுகிறதோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிஸ்க் செக்கையும் டிஃப்ராக்கையும் அடுத்தடுத்து ஓட விட்டேன். டிஃப்ராக் என்றால் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடப்பதை எடுத்து எடுத்து வரிசையாக அடுக்குகிற வேலை. நல்ல டிஸ்க்குக்கு அது உடற்பயிற்சி மாதிரி. நெஞ்சுவலிக்காரரை யாரும் மலை ஏறச் சொல்ல மாட்டார்கள். நான் சொன்னேன். ஓட விட்டுவிட்டு மதியத் தொழுகை லுஹரை முடித்து, சாப்பிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது திரை நீலமாக நின்றது. அணைத்துப் போட்டேன். டிஸ்க்கே இல்லை என்றது பெட்டி. உள்ளே டிக் டிக் என்பது இப்போது இடைவிடாமல் கேட்டது. கையை நீட்டிக் கரண்டைப் பிடுங்கினேன். 

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். சொன்னேன். டிஸ்க்கைக் கையில் வாங்கி, காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"ஹெட் போயிருச்சும்மா" என்றார், டிஸ்க்கைப் படிக்கும் முனையைச் சொல்கிறார். "சரி, விடு. அந்தம்மா வந்தா டிஸ்க்கோட ஆயுசு முடிஞ்சிருச்சுன்னு சொல்லு. பொய் ஒண்ணும் இல்லையே. எப்படியும் ரெண்டு மாசத்துல போயிருக்கும். புது டிஸ்க்கு போட்டு, விண்டோஸ் ஏத்தி, கூலி வாங்காம குடுத்துருவோம்."

"உள்ள இருந்ததுண்ணே?"

"உள்ள இருந்தது போச்சு. எந்தக் கடையில குடுத்திருந்தாலும் போயிருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள், அல்லது சொல்லத் தோன்றும். வாடிக்கையாளருக்கு டிஸ்க்கின் உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. நாம் சொல்வதுதான் கதை. அந்த வசதி வேறு தொழிலில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மூன்றரைக்குப் பஞ்சவர்ணம் வந்தார். கையில் எனக்கென்று ஒரு பொட்டலம் வெள்ளரிப் பிஞ்சு. நான் உட்காரச் சொன்னேன். காலையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன்.

"அந்த 'அட்டை'ங்கிற ஃபோல்டர்ல என்ன இருந்துச்சு?"

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. அவர்கள் வேலை பார்த்த உப்பளம் ஒரு குத்தகைக்காரரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறியிருக்கிறது. பதினைந்து இருபது பெண்கள் அங்கே வருடக்கணக்காகப் பாத்தியில் இறங்கியவர்கள். புதிதாக வந்தவர் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டு, இவர்களெல்லாம் போன சீசனில்தான் வந்தவர்கள், வேலை கேட்க உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார். இவர்கள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை விசாரணை. கங்காணி கையெழுத்துப் போட்ட வருகை அட்டைகள்தான் ஒரே சாட்சி.

"அட்டையெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"புது அட்டை தாரோம்னு பழசப் பூரா வாங்கிட்டுப் போயிட்டாகக்கா. திரும்பத் தரல. நல்லவேள, பழைய அட்டைகளையும் சேத்து நான் ஒவ்வொரு சீசனும் முடியும்போது செல்போன்ல படம் பிடிச்சு இதுல ஏத்தி வச்சிருந்தேன். எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. அதுக்குன்னு யாரோ குடுத்த பழைய கம்ப்யூட்டரு. நான் பன்னெண்டாப்பு படிச்சிருக்கேன்னு என் வீட்டுல கொண்டாந்து வச்சாக."

"அந்த செல்போனு?"

"பாத்தித் தண்ணியில விழுந்துருச்சு."

"பென் டிரைவ்ல?"

"ஏத்தலாம்னு பாத்தேன். ரெண்டு மணி நேரம் ஓடுச்சு, பாதிகூடத் தாண்டல. அதான் மொதல்ல இத சரி பண்ணிட்டு அப்புறம் ஏத்திக்கிருவோம்னு வந்தேன்."

முதலாளி அவருடைய மேஜையில் ஏதோ தேடுவது போல இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஆயுசு முடிந்துவிட்டது என்ற வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். அழுதிருப்பார், நான் ஆறுதல் சொல்லியிருப்பேன், அவரும் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த நன்றியை வாங்கிக்கொள்வதை நினைத்தபோதுதான் முடியாது என்று தோன்றியது.

"பஞ்சவர்ணம், நீங்க கொண்டாந்தப்ப டிஸ்க்கு ஓடிட்டுத்தான் இருந்துச்சு. சிக்கலா இருந்துச்சு, ஆனா ஓடுச்சு. மத்தியானம் நான் செஞ்ச வேலையில நின்னு போச்சு. மொதல்ல உள்ள உள்ளத எடுத்துவச்சிருக்கணும். எடுக்கல. தப்பு என்னோடது."

அவர் பெட்டியைச் சுற்றி வந்த பழைய சேலையைக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார்: "அது கெட்டுப்போகப் போவுதுன்னு முன்னாடி ஏதும் தெரிஞ்சுச்சா, தெரியலையா?"

"சத்தம் கேட்டுச்சு."

"கேட்டுட்டுமா?"

"ஆமா."

"வரப்புல ஓட்ட இருக்கான்னு பாக்காம பாத்திக்குத் தண்ணி விட மாட்டோம்க்கா நாங்க" என்றார். குரல் உயரவில்லை. சேலையை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "பதினேழு பேருக்கு நான் போயி என்னத்தச் சொல்ல?"

முதலாளி எழுந்து வந்தார். டிஸ்க்கை எடுத்து, "இன்னொரு தடவ கரண்டு குடுத்துப் பாப்போம். ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா சில நேரம் ஓடும்" என்றார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வைத்தியம் இருந்தது. இப்போதும் சிலர் செய்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன்.

நான் அதுவரை அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "வேண்டாம்ணே. ஹெட்டு ஒவ்வொரு தடவ தட்டும்போதும் உள்ள கீறும். இப்ப எவ்வளவு மிச்சமிருக்கோ அவ்வளவாச்சும் இருக்கட்டும்" என்று டிஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்று நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். கெட்டுப்போன பிறகு ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று கை பரபரக்கும். பக்கத்தில் நிற்கிறவர்களும் ஏதாவது செய் என்பது போலவே பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பெரிய கஷ்டம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் இப்படிப்பட்ட டிஸ்க்கை வாங்கி சென்னைக்கு அனுப்புவார்கள். தூசி புகாத அறையில் பிரித்து, வேறு ஹெட் மாட்டிப் படித்துப் பார்ப்பார்கள். மூன்று வாரமாவது ஆகும், எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். செலவை நான் ஏற்றுக்கொண்டேன். புதன்கிழமைக்குள் ஆகுமா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள்.

அப்படியானால் விசாரணையைத் தள்ளிவைக்க வேண்டும். பஞ்சவர்ணம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சொன்னார்: "சும்மா கம்ப்யூட்டர் ரிப்பேருன்னு சொன்னா நம்ப மாட்டாக. அட்டையே கிடையாது, பொய் சொல்றோம்னு அவுக வக்கீலு சொல்லுவாரு. நீங்க எழுதித் தந்தா நல்லாருக்கும்."

எழுதித் தருவது என்றால் கடையின் லெட்டர்பேடில், கடையின் முத்திரையோடு. வேலை செய்தவரின் கவனக்குறைவால் டிஸ்க் பழுதானது என்று. அதை அரசு அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் படிப்பார்கள். ஊருக்குள் பரவும். முதலாளியிடம் கேட்டேன். அவர் வேறு பெட்டியைத் திறந்தார். சனிக்கிழமை முழுக்க என்னிடம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வெள்ளைத்தாளில் என் பெயரில் எழுதி வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை அவரிடம் காட்டினேன். படித்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து லெட்டர்பேடை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல எழுது" என்றார். எழுதியதும் முத்திரையை என்னிடம் தரவில்லை. மைப்பெட்டியில் ஒற்றி அவரே குத்தினார். குத்திவிட்டு, "ஜாப் சிலிப்ப எடுத்துட்டுப் போ" என்றார்.

புதன்கிழமை அந்த அறையில் ஒரு பக்கம் பஞ்சவர்ணமும் ஏழெட்டுப் பெண்களும். மறுபக்கம் குத்தகைக்காரரின் ஆளும் ஒரு வக்கீலும். அதிகாரி நடுவயதுக்காரர். என் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உங்க தப்புன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. யாராவது எழுதச் சொன்னாங்களா?"

"பஞ்சவர்ணம் எழுதித் தரக் கேட்டாங்க சார். ஆனா கடையில மொதல்ல சொல்லவே வேணாம்னுதான் சொன்னாங்க."

அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. "சரி. அந்த அட்டைப் படங்கள நீங்க கண்ணால பாத்தீங்களா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பார்த்தேன் என்று நான் சொன்னால் போதும். அந்த அறையில் எல்லாருக்கும் அது தெரியும். படங்கள் இருந்தது சத்தியம் என்று எனக்கு மனதில் சந்தேகமே இல்லை. நான் கெடுத்ததற்கு அது ஒரு பரிகாரமாகவும் இருக்கும். பஞ்சவர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படத்தத் தொறந்து பாக்கல சார்" என்றேன். "ஃபோல்டர் பேரப் பாத்தேன். அட்டைன்னு ஒண்ணு. அதுக்குள்ள பொம்பளைக பேர்ல தனித்தனியா ஃபோல்டர். எவ்வளவு இடம் பிடிச்சிருந்துச்சுன்னு இந்தச் சிலிப்புல அன்னைக்கே எழுதியிருக்கேன்."

வக்கீல் சிலிப்பை வாங்கிப் பார்த்தார். "உள்ள கல்யாண போட்டோகூட இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது."

பஞ்சவர்ணத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. எங்கள் ஆள் என்று கூட்டி வந்தவளே இப்படிச் சொல்கிறாளே என்பது போல.

அதிகாரி சிலிப்பைத் தன் பக்கம் வாங்கி, அதிலிருந்த பெயர்களை மனுவிலிருந்த பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நிமிரவே இல்லை. பிறகு, "தன்மேல தப்பு இருக்குன்னு ஒத்துக்குறவங்க, பாக்காததப் பாக்கலன்னு சொல்றவங்க பேச்ச நம்பலாம். நாலு வாரம் தாரேன்" என்று தேதி எழுதினார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது பஞ்சவர்ணம், "பாத்தேன்னு சொல்லிருவீகளோன்னு பயந்துட்டேன்க்கா. அந்த வக்கீலு அடுத்து, அட்டை என்ன கலருன்னு கேட்டிருப்பாரு" என்றார். எனக்கு அதுவரை அது தோன்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து வந்தது. முழுதாக இல்லை. டிஸ்க்கின் ஒரு பகுதியில் ஹெட் உரசி வட்டமாகக் கீறியிருந்தது. அந்த வட்டத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. பதினேழு பேரில் பதின்மூன்று பேருடைய அட்டைகள் படிக்கிற மாதிரி கிடைத்தன. நாலு பேருடையது திறந்தால் மேல்பாதி சாம்பல் நிறமாகவும் கீழ்ப்பாதி கோடு கோடாகவும் வந்தது. அந்த நாலு பேர் கம்ப்யூட்டருக்குள் அந்த இடத்தில் இருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

பெட்டியை நானே வாலிநோக்கத்துக்குக் கொண்டு போனேன். இந்த முறை எஸ்எஸ்டி போட்டிருந்தேன், ஒரு ராம் கூட்டியிருந்தேன், காற்று வரும் பக்கத்தில் உப்புத்தூசிக்கு மெல்லிய வலை ஒட்டியிருந்தேன். பஞ்சவர்ணம் பட்டனை அமுக்கினார். முந்தானையைச் சரிசெய்வதற்குள் திரை வந்துவிட்டது. "இம்புட்டுத்தானா" என்றார். எந்தப் பெட்டிக்கும் இதைச் செய்யலாம், யாருக்கும் செய்யத் தெரியும். முதல் வேலையாக மூன்று பென் டிரைவில் ஏற்றினோம். ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. 

அட்டை கிடைக்காத நாலு பேருக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே வீடு வீடாகப் போனோம். ஒருவரின் அட்டை இன்னொருத்தியின் செல்போனில் கிடைத்தது; பிள்ளையை எடுத்த படத்தில், பின்னால் சுவரில் அது செருகியிருந்தது தெரிந்தது. இரண்டு பேருக்கு உடன் வேலை பார்த்தவர்களின் வாக்குமூலத்தை அதிகாரி ஏற்றுக்கொண்டார். விசாரணை முடிவில் பதினாறு பேரையும் பழைய ஆட்கள் என்றே கணக்கில் வைத்து வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஆனது. மிச்சம் ஒருவர். பெயர் காளியம்மாள். அவரோடு ஒரே பாத்தியில் இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தி இறந்துவிட்டாள், இன்னொருத்தி கேரளாவுக்குப் போய்விட்டாள். அவருக்குச் சாட்சி இல்லை. புதிதாக வந்தவர் என்றே எழுதப்பட்டார். அந்த சீசனில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. வேறு உப்பளத்துக்கு இரண்டு மைல் நடந்து போனார்.

முடிவு வந்த அடுத்த வாரம் நான் அவரைப் பார்க்கப் போனேன். போக வேண்டாம் என்றார் முதலாளி. பஞ்சவர்ணமும் போனில், "அவுக வாய் ஒரு மாதிரிக்கா" என்றார். இரண்டு பேரும் எனக்காகத்தான் சொன்னார்கள். போனேன்.

காளியம்மாள் வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன்.

"மத்தவுகளுக்கெல்லாம் வந்துச்சு. எனக்கு மட்டும் ஏன் வரல?" என்று கேட்டார்.

கீழே உட்கார்ந்து, ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, டிஸ்க் எப்படிச் சுற்றும், ஹெட் எப்படி அதன்மேல் போகும், நான் ஓட விட்ட வேலையில் அது எங்கே கீறியது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன். அந்த வட்டத்தில் அவருடைய பதினோரு வருடம் இருந்தது என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். நடுவில் ஒரு தரம், "அது சத்தம் போட்டுச்சாமே" என்றார். "போட்டுச்சு" என்றேன்.

சொல்லி முடித்ததும் எழுந்தேன். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் குடம் குடமாக விலைக்கு வாங்குகிற ஊர்.

"ஒம்மேல வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "தண்ணிய குடிச்சிட்டுப் போ."

குடித்துவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன்.